தோல் கலர் யாருடைய தோல்?

பொட்டிப்புரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் "அம்மாவை வரைங்க" என்றோம். பிள்ளைகள் எல்லோரும் வெளிர் ரோஸ் கிரேயானுக்குச் சண்டை போட்டார்கள். அதற்குப் பெயர் 'தோல் கலர்'. அந்த நிறத்தில் ஒரு அம்மாகூட எங்கள் தெருவில் கிடையாது. "லட்சுமி படத்துல அப்படித்தான இருக்கு அக்கா" என்றாள் ஒரு சிறுமி.

அந்தக் காலண்டர் லட்சுமியின் பூர்வீகம் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர். 1868இல் அந்த அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் வரைவதைப் பார்த்துத்தான் ரவிவர்மா எண்ணெய் வண்ணம் பழகினார். கலைப்பள்ளியில் படிக்காத மேதை என்பார்கள். பள்ளிக்குப் போகாவிட்டால் என்ன, அகாடமியின் கண் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய அகாடமிகளில் மாணவன் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும். அடுத்து கிரேக்க, ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள். கடைசியில்தான் உயிருள்ள மனிதர். தோழர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். எது அழகான உடல் என்று வெள்ளைப் பிளாஸ்டர் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. எதிரே நிற்கும் மனிதர் அதற்கேற்பத் திருத்தப்படுகிறார். 1857இல் பம்பாயில் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளிக்கும் அந்த வார்ப்புகள் வந்தன.

ஒடுக்கப்பட்டவர்களின் உடலை யாரும் பதிவு செய்யவில்லையா? செய்தார்கள். 1868 முதல் 1875 வரை வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற எட்டுத் தொகுதிப் புகைப்பட நூலில் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயரில்லாமல். படத்தின் கீழே சாதிப் பெயர். ஒரு உடல் தெய்வத்துக்கு மாதிரி, இன்னொரு உடல் சாதிக்கு மாதிரி!

ரவிவர்மாவின் சேலை மடிப்புகளை வியக்காதவர் இல்லை. நாடார் பெண்கள் மேலாடை அணிய அதே திருவிதாங்கூர் அரசு இசைந்தது 1859இல்தான். அதுவும் போராடிய பிறகு, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒன்பதே ஆண்டில் அந்த அரண்மனைக்குள் ஜென்சன் நுழைகிறார்.

"கோயிலுக்குள் விடாத சாமியை வீட்டுக்கே கொண்டுவந்தவர் அவர்தானே?" என்பார்கள். உண்மை. 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அதைச் செய்தது. பூசாரி இல்லாமல் சாமியைப் பார்க்க முடிந்தது சின்ன விஷயமல்ல. ஆனால் கூடவே வந்த முகம் யாருடையது?

மறுவாரம் அந்தக் கிரேயானை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டோம். பழுப்பும் கறுப்பும் கலந்து தேய்த்துக்கொண்டிருந்த அதே சிறுமி கேட்டாள்: "காட்டுல நிக்கிறப்போ அம்மா நெத்தியில வெயில் படும்ல, அங்க என்ன கலர் அக்கா?"

ஒளியும் நிழலும் அகாடமிப் பாடம்தான். உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம்.