இரண்டு வரிக்கு நடந்த சண்டை

பழைய நோட்டு சேர்க்கிறது நல்ல ஹாபிதான். ஆனா நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்கு அது லாட்டரியாத்தான் வருது. "டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு இருக்கா? சீரியல் நம்பரில் 786 இருக்கா? நீங்க லட்சாதிபதி!" வாரத்துக்கு ஒரு ஃபார்வர்டு. எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர் ஒருத்தன் தாத்தா பெட்டியில் கிடைத்த நோட்டை ஆன்லைனில் விற்கப் போனான். முதலில் கமிஷன், அப்புறம் டாக்ஸ் என்று அவனிடமே இரண்டு தடவை பணம் கறந்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடக்கிறது என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய நோட்டு வாங்கி விற்கிற வேலையை நாங்க செய்யறதில்லை, எங்க சார்பில் கமிஷன் வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. அந்த அறிவிப்பை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ணலை.

என் கருத்து இதுதான். ஒரு நோட்டு பழசு என்பதாலேயே அதுக்கு மதிப்பு வந்துவிடாது. அதைப் படிக்கத் தெரியணும். படிக்கத் தெரியாத ஆள்கிட்டதான் மோசடிக்காரன் வியாபாரம் ஓடுது. இதுக்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் ஒரு குட்டித் தீவின் நோட்டில் இருக்கு: மொரிஷியஸ்.

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற அந்தத் தீவின் பணத்துக்குப் பேரும் ரூபாய்தான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போயாச்சு. 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அந்தப் போக்குவரத்தோட இந்திய ரூபாயும் அங்கே குவிந்தது. அதனால் 1876-ல் பிரிட்டிஷ் அரசு அங்கே ரூபாயையே சட்டமாக்கியது. அந்த நோட்டில் இன்னைக்கும் ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று மொழியில் தொகை எழுதியிருக்கும்.

இப்போ விஷயத்துக்கு வரேன். 1998-ல் மொரிஷியஸ் வங்கி 25 ரூபாயிலிருந்து 2000 ரூபாய் வரை புது வரிசை நோட்டு வெளியிட்டது. அதில் இந்தி மேலே, தமிழ் கீழே. அதுக்கு முன்னாடி தமிழ்தான் இரண்டாவது. அங்கே சிறுபான்மையா இருக்கிற தமிழர்கள் கொதித்துப் போனார்கள். "நாங்க இந்தத் தீவுக்கு முன்னாடியே வந்தவங்க, எங்க இடத்தை ஏன் மாத்துனீங்க?" என்பது அவர்கள் கேள்வி. வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. 1999 என்று தேதி போட்டு வந்த புது நோட்டில் தமிழ் பழைய இடத்துக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வரிசையின் 100 ரூபாய் நோட்டில் இருக்கிற முகம் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி வழக்கறிஞர், அரசியல்வாதி. தமிழர் படம் மேலே இருந்தும் தமிழ் வரி கீழே போனதை அந்த மக்கள் ஏத்துக்கலை. இன்னொரு வேடிக்கை, சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுவது அந்தத் திரும்பப் பெற்ற 1998 நோட்டைத்தான். தமிழர்கள் வேண்டாம்னு தள்ளிய நோட்டுக்குத்தான் கிராக்கி!

நம்ம இந்திய நோட்டோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. பின்பக்கப் பட்டியில் 15 மொழி இருக்கு. ஆங்கில அகரவரிசையில் வருவதால் தமிழ் 13-வது. அந்த இடத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை, அதனால் சண்டையும் இல்லை. மொரிஷியஸில் வரிசைன்னா வரலாறு.

ஒரு நோட்டை எப்படி மதிப்பிடுவது? முதலில் வருஷம், கையெழுத்து, எந்த வரிசை என்று பார்க்கணும். மொரிஷியஸ் நோட்டு என்றால் எந்த மொழி மேலே என்பதையும் பார்க்கணும். வெளிநாட்டு சேகரிப்பாளர் இதுக்குக் கேட்டலாக்கைப் புரட்டணும், நமக்குக் கண்ணு போதும். அடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கணும். மொரிஷியஸ் நோட்டில் நீர்க்குறியாகத் தெரிவது டோடோ, அந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறவை. கடைசியா நிலைமை. மடிப்பே இல்லாததை அன்சர்க்குலேட்டட் என்பார்கள். நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலே ஒரு படி இறங்கும். மூலை மழுங்கினாலோ, ஊசி ஓட்டை இருந்தாலோ, யாராவது பேனாவால் கணக்கு எழுதியிருந்தாலோ இன்னும் இறங்கும். ஒரு விஷயம் மட்டும் செய்யாதீங்க: அழுக்கா இருக்குன்னு கழுவி இஸ்திரி போடாதீங்க. காகிதத்தின் மொறமொறப்பு போய்விடும், தெரிஞ்சவங்க தொட்டதுமே கண்டுபிடிச்சிடுவாங்க.

நம்ம ஏரியாக்காரங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைக்கிற கடல் சிப்பி ஃபாசிலை எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாமல் பொறுக்கி வந்தால், அது ஷோகேஸில் வைக்கிற கல், அவ்வளவுதான். அடுக்கு தெரிந்தால்தான் ஆராய்ச்சிக்கு உதவும். நோட்டும் அப்படித்தான். 1998-ல் என்ன நடந்தது என்று தெரியாதவன் கையில் அது வெறும் வெளிநாட்டு நூறு ரூபாய்.

"அப்போ பணமே கிடைக்காதா?" என்று கேட்பீங்க. கிடைக்கலாம். நல்ல நிலைமையில் இருக்கிற அரிய நோட்டுக்கு ஏலத்தில் நல்ல விலை போகத்தான் செய்யுது. ஆனா விற்பவன் முன்பணம் கட்டுகிற ஏலம்னு ஒன்னு கிடையாது. யாராவது கட்டச் சொன்னா பிளாக் பண்ணிட்டுப் போங்க.

கல்லங்குறிச்சி பக்கம் எங்க தெருவிலேயே சிங்கப்பூர், வளைகுடா போய் வந்தவங்க நிறையப் பேர். என் சித்தப்பா மொரிஷியஸில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் பர்ஸில் இருக்கிற நூறு ரூபாய் நோட்டில் தமிழ் மேலே இருக்கு. அதனால் மார்க்கெட்டில் அதுக்குப் பெரிய விலை இல்லை. ஆனா அந்த வரியை அந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர ஒரு ஊரே சண்டை போட்டிருக்கு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, தமிழில் ஃபார்ம் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவனிடம் நீட்டுகிற நம்ம செட்டுக்கு இது கொஞ்சம் உறைக்கணும்.

ஒரு யோசனை சொல்றேன். தமிழ் எழுத்து இருக்கிற நோட்டு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மொரிஷியஸ் நாலு நாட்டிலும் வந்திருக்கு. உங்க வீட்டுப் பெட்டியில் எது இருந்தாலும் செமஸ்டர் லீவு முடிந்து வரும்போது எடுத்து வாங்க. நாலையும் ஒரு டேபிளில் வைத்துப் பார்ப்போம். விலையை அப்புறம் பேசிக்கலாம்.