எழுத்தை எண்ணத் தெரிகிறதா?

பொங்கல் விழாப் போட்டிகளில் வென்றோருக்குச் சான்றிதழ் அச்சிட்டபோது நம் சங்கத்துக்கு நேர்ந்த தலைகுனிவை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பரிசு பெற்ற சகோதரி ஒருவரின் பெயர் பாதியில் அறுந்து, இறுதியில் ஒரு கேள்விக்குறி நின்றது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிச் சென்றார். "கணிப்பொறி செய்த பிழை" என்று சொல்லி நாம் தப்பித்தோம். அது உண்மையன்று. பிழை, நிரல் எழுதியவர்களுடையது. அவர்களுள் நானும் ஒருவன்.

நடந்தது என்ன? கோப்பிலிருந்து பெயரைப் படித்த நிரல், இருபது பைட்டோடு நிறுத்திக்கொண்டது. ஆங்கிலத்துக்கு ஓரெழுத்து ஒரு பைட்டு, இருபது போதும். யுடிஎஃப்-8 முறையிலோ தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. செந்தாமரை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஐந்தெழுத்து. யூனிக்கோடு கணக்கில் ஒன்பது குறிகள். ஏனெனில் 'செ' என்பது சகரமும் கொம்பும், 'ந்' என்பது நகரமும் புள்ளியும் எனப் பிரித்தே வைக்கப்படுகின்றன. பைட்டுக் கணக்கிலோ இருபத்தேழு! இருபதில் வெட்டினால் 'செந்தா' வரை பிழைக்கும். மகரம் மூன்றில் இரண்டு பைட்டோடு முறிந்து கேள்விக்குறியாகும்.

சி மொழியின் எஃப்கெட்சி ஒரு முறைக்கு ஒரு பைட்டைத்தான் தரும். அதை எழுத்தென்று நம்புவது செங்கல்லை வீடென்று நம்புவது போலாகும். பைத்தான் சற்று மேல். ஆயினும் அதனிடம் நீளம் கேட்டால் ஒன்பது என்றே சொல்லும், ஐந்து என்று சொல்லாது.

"பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் தொல்லையே இல்லையே!" என்பாரும் நம்மிடையே உளர். பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும் எழுத்தில் நம் பெயரை எழுதிக்கொண்டு, தமிழ்ச் சங்கம் எதற்கு? "யூனிக்கோடு தமிழுக்கு இழைத்த அநீதி இது" என்பார் வேறு சிலர். அவர்கள் குறையில் நியாயம் இல்லாமலில்லை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிக்கோடுடன் தரமாக ஏற்றது. ஆனால் இன்று நம் கைக்கு வரும் கோப்புகள் பெரும்பாலும் யுடிஎஃப்-8. வாதம் முடியும்வரை சகோதரியின் பெயர் அறுபட்டே கிடக்க வேண்டுமா? நம் விடுதியில் வங்காள நண்பருக்கும் இந்தி நண்பருக்கும் இதே கதிதான். அவர்கள் எழுத்துக்கும் மூன்று பைட்டே.

செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, கோப்பைத் திறக்கும்போதே அதன் குறிமுறையைச் சொல்லித் திறக்க வேண்டும். ஜாவா மொழி 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் யுடிஎஃப்-8-ஐ இயல்பான முறையாகக் கொண்டது. அதற்கு முன் எழுதிய நிரல், இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுவேறாகப் படிக்கும். இரண்டு, வெட்டுவதும் எண்ணுவதும் முழு எழுத்தளவில் நடக்க வேண்டும். அதற்கான துணைநிரல்கள் மொழிதோறும் உண்டு. மூன்று, ஒப்பிடுமுன் இயல்பாக்கல் செய்ய வேண்டும். 'கொ' என்பதை ஒகரக் குறியாலும் எழுதலாம். கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு வேறு. பட்டியலில் இருக்கும் பெயரையே 'இல்லை' என்று அது சொல்வது இதனால்தான்.

இவை பெரிய வித்தையல்ல. அரை நாள் உழைப்பு. நாம் அதைச் செய்யாததற்குக் காரணம் அறியாமையன்று, அசட்டை. எழுதிய நிரலை ஆங்கிலப் பெயர் கொண்டே சோதித்துப் பார்த்து, 'சரி' என்று எழுந்துவிடுகிறோம். தமிழ் மாணவனே தன் நிரலைத் தமிழ்ப் பெயர் கொண்டு சோதிக்காவிட்டால், வேறு யார் சோதிப்பார்?

அடுத்த பொங்கலுக்குள் இதைத் திருத்துவோம். முதலில் அச்சாக வேண்டியது, அந்தச் சகோதரிக்கு நாம் கடன்பட்டிருக்கும் சான்றிதழ்.