பாஸ்டர் பட்டமும் மாதச் சம்பளமும்: சகோதர சபை மூப்பர்களின் நிலைப்பாடு

தென் மாவட்டங்களில் கர்த்தருடைய நாமத்தில் கூடிவரும் சபைகளின் மூப்பர்கள் சிலர் எழுதுவது.

இந்த அறிக்கை எந்தச் சபையையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அப்படியோர் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இதையே எழுதுகிறோம். சுற்றுக்கு வந்திருக்கும் முன்மொழிவைப் பற்றி மூப்பர்கள் வாய் திறக்கவில்லை என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் இரண்டு பேர், மூன்று பேராக நின்று முடிவுசெய்கிற காரியமல்ல இது.

முன்மொழிவு என்னவென்று எல்லாருக்கும் தெரியும். சபைகள் அனைத்தும் பதிவுபெற்ற ஒரே அமைப்பின்கீழ் வர வேண்டும். அதற்குத் தலைவர், செயலர், பொருளாளர். சபைக்கொரு பாஸ்டர், அவருக்கு மாதச் சம்பளம். திருமணம் நடத்தும் உரிமம் அவர் பெயரில். மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, எடுத்தால் எல்லாம் எடு, விட்டால் எல்லாம் விடு என்று நீட்டியிருக்கிறார்கள். நாங்கள் கட்டை அவிழ்த்துப் பார்த்தோம்.

முன்மொழிந்தவர்கள் அந்நியர் அல்லர். வேதத்தின் அதிகாரம், விசுவாசத்தினால் வரும் மீட்பு, முழுக்கு ஞானஸ்நானம், கர்த்தருடைய வருகை ஆகியவற்றில் அவர்களுக்கும் எங்களுக்கும் இம்மியும் வேறுபாடில்லை. முக்காடு, கீபோர்டு, பாட்டுப் புத்தகம் பற்றிய சச்சரவுகளை இதில் இழுக்க வேண்டாம் என்றும் தீர்மானித்தோம்.

பதிவு வேண்டும் என்பதற்கு அவர்கள் காட்டும் சொத்துக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. கூடுமிடத்தின் பத்திரம் ஒரு சகோதரர் பெயரில் இருந்து, அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் பங்கு கேட்ட கதை நம் பகுதியில் ஒன்றல்ல. அந்தந்தச் சபை தன் சொத்துக்கு டிரஸ்ட் அமைத்துக்கொள்வதை நாங்கள் வரவேற்கிறோம். டிரஸ்ட் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். பிரசங்க மேடை அதன் எல்லைக்குள் வராது.

திருமண உரிமத்தைக் காட்டி நம்மைப் பயமுறுத்துவதுதான் ஏற்க முடியாதது. பாஸ்டர் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளின் கல்யாணம் செல்லாது என்கிற அளவுக்குப் பேசியிருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். இந்தியக் கிறிஸ்தவர்களின் திருமணத்துக்குச் சான்றிதழ் தரும் உரிமத்தை எந்தக் கிறிஸ்தவருக்கும் அரசு வழங்கலாம் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. பெயர் சொல்லியும் வழங்கலாம், வகிக்கும் பொறுப்பைச் சொல்லியும் வழங்கலாம். பட்டம் வேண்டும், அங்கி வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கே இருக்கிறது? அலுவலகத்தில் அலைக்கழிக்கிறார்கள் என்பது உண்மைதான். அலைச்சலுக்குப் பயந்து உபதேசத்தை மாற்றுவதாக இருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

இனி பாஸ்டர் விஷயம்.

நம்முடைய ஆரம்பம் தெரியாத இளைஞர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறோம். தெரிந்த மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். 1820களின் பிற்பகுதி, அயர்லாந்தின் டப்ளின் நகரம். எட்வர்ட் குரோனின் என்ற மருத்துவ மாணவர் கத்தோலிக்கராயிருந்து மனந்திரும்பியவர். நகரத்தின் சுயாதீன சபைகளில் கொஞ்ச காலம் அவருக்குக் கர்த்தருடைய பந்தியில் இடம் கொடுத்தார்கள். பிறகு, ஏதாவதொரு சபையின் அங்கத்தினராகப் பதிந்துகொண்டால்தான் பந்தி என்றார்கள். கிறிஸ்துவின் சரீரத்தில் அங்கமாயிருக்கிறவன் இன்னொரு பட்டியலில் எதற்குச் சேர வேண்டும் என்று கேட்டு அவர் விலகினார். அதே ஊருக்கு, குருப்பட்டம் பெறுவதற்காக டிரினிட்டி கல்லூரியில் தேர்வு எழுத வந்துபோய்க்கொண்டிருந்தார் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பல் மருத்துவர். விசுவாசிகள் கர்த்தருடைய நாளில் கூடி அப்பம் பிட்க எவருடைய அனுமதியும் வேண்டாம் என்ற தெளிவு அவருக்கு வந்தது. சுவிசேஷம் சொல்லவும் எந்த மனுஷனும் கை வைத்துப் பட்டம் தர வேண்டியதில்லை என்ற தெளிவு அடுத்து வந்தது. பட்டம் வாங்க வந்தவர் பட்டத்தையே விட்டுவிட்டார்.

1830இல் டப்ளினின் ஆங்கியர் தெருவில் ஓர் ஏல அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். எடுத்தது ஜான் பார்னெல், பிரபு குடும்பத்துப் பிள்ளை. சனிக்கிழமை மாலையில் அறையிலிருந்த சாமான்களை ஓரங்கட்டிவிட்டு, எளிய மேசை ஒன்றைப் போட்டு, அப்பமும் திராட்சரசமும் எடுத்துவைத்ததைக் குரோனின் முதிய வயதில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பிரபுவின் மகனும் மருத்துவ மாணவனும் சேர்ந்து மேசை நாற்காலி தூக்கினார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யவில்லை.

இன்றைக்கும் நம் கூடுமிடத்துக்குள் வருகிறவன் பார்ப்பது என்ன? நடுவே மேசை, அதன்மேல் ஒரே அப்பம், ஒரே பாத்திரம். முன்வரிசையில் சிங்காசனம் போன்ற நாற்காலி கிடையாது. சில நேரம் ஐந்து நிமிடம் யாரும் பேசாத அமைதி. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு சகோதரர், கொத்தனார் வேலை பார்க்கிறவர், எழுந்து ஒரு பாட்டு எண்ணைச் சொல்வார். வங்கி மேலாளர் அந்தப் பாட்டைப் பாடுவார். கொத்தனார் நன்றி செலுத்தி அப்பத்தைப் பிட்பார், மேலாளர் வாங்கிப் புசிப்பார். சாதியும் பதவியும் வாசலிலேயே வழிமறிக்கிற இந்த ஊர்களில், இப்படியொரு மேசை வேறெங்கே போட்டிருக்கிறது? முன்மொழிவு நிறைவேறினால் ஞாயிறுதோறும் அந்த அப்பத்தைப் பிட்கப்போவது சம்பளம் வாங்குகிற ஒருவர். கொத்தனார் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ‘நிர்வாக வசதிக்காக’ என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய வசதி?

சம்பளமில்லாத ஊழியம் வெள்ளைக்காரன் நாட்டுப் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்ற வாதத்துக்கு எங்களால் பொறுமையாகப் பதில் எழுத முடியவில்லை. குரோவ்ஸின் மைத்துனர் ஜார்ஜ் முல்லர் 1830இல் இங்கிலாந்தின் டெயின்மத் ஊரில் சம்பளத்தை விட்டது உண்மை. காசு கட்டியவனுக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு ஓர இருக்கை என்ற ஏற்பாட்டிலிருந்து வந்த பணம் அது. யாக்கோபு நிருபத்தைப் படித்தபின் அதைத் தொட மனமில்லாமல், கதவருகே ஒரு பெட்டியை வைத்தார். ஆனால் நம் மண்ணில் அதே வழியில் நடந்தவரை மறந்தா போனோம்? உக்கிரன்கோட்டையில் 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833இல் திருநெல்வேலிக்கு வந்த குரோவ்ஸைச் சந்தித்தார். பின்னர் ஊழியத்துக்கென்று புறப்பட்டபோது நிலையான சம்பளம் எதையும் அவர் ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணத்தைக் குரோவ்ஸ் எழுதிவைத்திருக்கிறார்: கூலிக்குப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதைச் சொன்னது இங்கிலாந்துக் கனவான் இல்லை. தன் ஜனங்களின் வாயை அறிந்த தமிழன். 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவி, நிலத்தில் பாடுபட்டு, வந்த காணிக்கையில் பலரைத் தாங்கி, 1867இல் மறையும்வரை அதே வழியில் நடந்தார். 1860இல் அங்கிருந்து கிளம்பிய எழுப்புதல் திருநெல்வேலிச் சீமை முழுவதையும் அசைத்தது. மாதச் சம்பளம் இல்லாததால் அது நின்றுபோகவில்லை.

ரேனியஸ் ஐயரின் கதையையும் முன்மொழிந்தவர்கள் திரும்பப் படிக்கட்டும். தம்முடைய உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார் என்ற கேள்வியில்தான் அவருக்கும் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்துக்கும் மோதல் வந்தது. பிஷப்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். 1835இல் உறவு முறிந்தது. கட்டியெழுப்பிய சபைகளே இரண்டாக நின்றதைப் பார்த்துவிட்டு 1838இல் கண்மூடினார். பட்டம் ஒருமுறை நுழைந்தால் அதைக் கொடுக்கிறவன் யார் என்ற சண்டை அதன் பின்னாலேயே வரும்.

ஊழியர்களைத் தாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாகத் திரிக்கிறார்கள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று சொல்லும் 1 தீமோத்தேயு 5:17, 18 எங்கள் வேதாகமத்திலும் இருக்கிறது. முழுநேர ஊழியரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத நிலை சில இடங்களில் இருப்பதை இந்த அறிக்கையைத் தயாரித்தவர்களில் இருவர் அழுத்திச் சொன்னார்கள். ஊழியர் இறந்தபின் அவர் மனைவி என்ன ஆனார் என்று விசாரிக்காத சபைகள் உண்டு என்றும் சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் நாங்கள் ஒத்துக்கொண்ட வாசகம் இது: ஒரு சபை தன் ஊழியருக்கு மாதந்தோறும் இவ்வளவு என்று அனுப்பத் தீர்மானித்தால், அதைச் சம்பளம் என்று நாங்கள் அழைக்க மாட்டோம், அழைப்பவர்களோடு வாதாடவும் மாட்டோம். ஆனால் தொகையைப் பேசி முடித்துக்கொண்டு ஒருவர் ஊழியத்துக்கு வருவதையும், தொகை குறைந்ததும் வேறு சபைக்குப் போவதையும் ஏற்கவே முடியாது.

பட்டத்தில் இந்த அளவு இணக்கமும் இல்லை. நீங்கள் எல்லாரும் சகோதரர் என்று சொல்லும் மத்தேயு 23ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு ‘ரெவரெண்ட்’ என்று ஒருவர் தம் பெயருக்கு முன்னால் எப்படிப் போட்டுக்கொள்கிறார்? அண்மையில் ஒரு சபையின் சுவிசேஷக் கூட்டத்துக்குக் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரைப் பலரும் பார்த்தீர்கள். இயேசுவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிரசங்கியார் ஆளுயரத்துக்குக் கோட்டுப் போட்டு நின்றார். நேற்றுவரை சகோதரர் என்று கூப்பிட்டோம். இன்றைக்கு அப்படிக் கூப்பிட்டால் முகம் சுளிக்கிறாராம்.

ஒரே அமைப்பு, ஒரே தலைவர் என்ற யோசனைக்கு நம் சொந்த வரலாறே பதில். இங்கிலாந்தின் பிளிமத் சபையில் ஆரம்பகாலச் சகோதரர்களான நியூட்டனுக்கும் டார்பிக்கும் வந்த பிணக்கு, 1848இல் டார்பி அனுப்பிய ஒரே சுற்றறிக்கையால் சம்பந்தமில்லாத ஊர்களுக்கும் பரவியது. பிரிஸ்டலில் இருந்த பெதஸ்தா சபையோடு ஐக்கியம் வைக்கக் கூடாது என்றார். திறந்த சபைகள், மூடிய சபைகள் என்ற பிளவு அன்றைக்கு விழுந்தது, இன்னும் ஆறவில்லை. இந்தப் போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று குரோவ்ஸ் 1836இலேயே டார்பிக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். பதிவு அலுவலகமும் தேர்தலும் இல்லாமலே ஒரு மனுஷனால் இவ்வளவு செய்ய முடிந்தது. முத்திரையும் வங்கிக் கணக்கும் கொடுத்தால் என்ன ஆகும்?

முன்மொழிவின் பின்னால் உள்ள ஏக்கத்தை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. வாலிபர்கள் பெரிய ஜெபவீடுகளுக்குப் போகிறார்கள். சில சபைகளில் மூப்பர்கள் என்றால் ஒரே வீட்டு அண்ணன், தம்பி, மைத்துனர் என்றாகிவிட்டது. பெயரில்லாத பாஸ்டராக நடந்துகொள்ளும் மூப்பர்களும் இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. (இந்த வாக்கியத்தில் ‘இருக்கிறார்கள்’ என்றே எழுத வேண்டும் என்று இளைய சகோதரர்கள் கேட்டார்கள், ஒருமனப்படவில்லை.) அதற்கு மருந்து அப்போஸ்தலர் 14:23இல் இருக்கிறது: சபைதோறும் மூப்பர்கள், ஒருவரல்ல, பலர். ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஒருவரையாவது ஒவ்வொரு சபையும் இந்த ஆண்டுக்குள் மூப்பராக அடையாளம் காண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சகோதரிகளிடம் கருத்துக் கேட்கவில்லை என்ற குறையும் வந்தது. அந்தந்தச் சபை அதைக் கவனிப்பது நல்லது.

ஆகவே: சபை அளவிலான டிரஸ்டுக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. திருமண உரிமத்துக்கு 9ஆம் பிரிவின்கீழ் தகுதியுள்ள சகோதரர்கள் விண்ணப்பிக்கட்டும். தாள்களைத் தயார் செய்ய உதவுவோம். பொதுத் தலைவர் உள்ள அமைப்பில் நாங்கள் மூப்பர்களாக இருக்கும் சபைகள் சேரமாட்டா. பட்டம் போட்டு எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதத்தோடு வருகிறவருக்கு எங்கள் சபைகளில் பிரசங்க நேரம் தரப்படாது. அந்தப் பட்டத்தை நீக்கிவிட்டுச் சகோதரன் என்று எழுதி வாங்கி வந்தால், வழக்கம்போல வரவேற்போம்.

இதை ஒரு ஞாயிறு அப்பம் பிட்குதலுக்குப் பின் சபையில் வாசியுங்கள். ஒத்துக்கொண்டாலும் மறுத்தாலும் எழுத்தில் பதில் அனுப்புங்கள். இரண்டு மூப்பர்களாவது கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு வரும் பதிலைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.