தோற்றவர் வெளியேறாத பந்தயம்
ஒரே தோல்வியில் பந்தயத்தை விட்டு நீங்குவதற்கு ‘ஹைதாய்’ என்றும், 15 நாள் சுமோ மல்யுத்தத்தில் எட்டு முறை வீழ்ந்து அந்தஸ்து சரிய நேர்ந்தாலும் கடைசி நாள் வரை களமேறும் மல்லனின் நிலைக்கு ‘மகெகோஷி’ என்றும் ஜப்பானியர் வேறுபடுத்திச் சொல்வதைப் படித்தபோது, திருப்போரூர்க்காரனான என் சிந்தனை அருகேயுள்ள பூஞ்சேரிக்கே சென்றது. 2022-இல் அங்கே நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாட், எவரையும் வெளியேற்றாத சுவிஸ் முறையில் 11 சுற்றுகளாக நடைபெற்றதன்றோ? பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், வெற்றி வாய்ப்பிருந்த ஆட்டத்தை நேர நெருக்கடியில் நழுவவிட்டு, முகத்தைக் கைகளில் புதைத்து அமர்ந்திருந்த 16 வயது குகேஷ், மறுநாளே ஜெர்மனிக்கு எதிராக முதற்பலகையில் அமர்ந்து ஆட்டத்தைச் சமன் செய்ததும், அணி 3-1 என வென்று வெண்கலம் பெற்றதும், முதற்பலகைக்கான தங்கம் அவருக்கே கிட்டியதும் அம்முறையின் அனுக்கிரகமே என்பது என் திடமான அபிப்பிராயம். முதல் தோல்வியிலேயே சிறுவரை வேடிக்கை பார்க்க அனுப்பிவிடும் நம் பள்ளிப் பந்தய வழக்கம் எனக்கு ஒருபோதும் சம்மதமன்று. ஆயினும், தங்கத்தை நெருங்கியிருந்த நம் மகளிர் முதலணி அதே இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றபோது, அவர்களுக்கு மற்றொரு சுற்று இல்லாமற் போனது இன்றளவும் என் மனத்தில் ஆறாத வருத்தமாகவே இருக்கிறது.