புலால் மறுத்தற்குக் குடலோ ஏது?

புலாலுண்ணாமையைச் சைவர்க்குரிய ஒழுக்கமென நிலைநாட்டப் புகுந்த அன்பர் சிலர் இக்காலத்துப் புதியதோர் ஏதுவைக் கைக்கொண்டுள்ளனர். மக்களுடைய பல்லும் இரைப்பையும் குடலும் ஆவினுடையவற்றை ஒப்பனவென்றும், ஆதலின் மாந்தர் இயற்கையிலேயே இலையுண்ணிகளென்றும் மேடைதோறும் பேசுகின்றனர். படம் வரைந்து துண்டு வெளியீடுகளும் வழங்குகின்றனர். துணிபு நன்று, ஏதுவோ போலி. நல்ல வழக்கிற்குப் பொய்ச்சான்று கொணர்வார் அவ்வழக்கைத் தோற்பிப்பாரேயாவர்.

காட்சியளவை கொண்டே ஆராய்வாம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோகத்தும் விளையும் நெற்பயிரில் அரிசி நமக்காகின்றது, வைக்கோல் ஆவிற்காகின்றது. இரண்டன் குடலும் ஒரு தன்மையவாயின், பஞ்சகாலத்து மாந்தர் வைக்கோற்போரைச் சூழ்ந்திருந்து உயிர் பிழைத்திருக்கலாமன்றே! வைக்கோலின் நாராகிய செல்லுலோசைக் கரைக்கும் நொதி நம்முடம்பில் சுரப்பதில்லை. ஆவின் உடம்பிலும் அது சுரப்பதில்லை என்பதே வியப்பு.

பின் எங்ஙனம் செரிக்கின்றதெனின், கூறுதும். ஆவின் இரைப்பை நான்கறையுடையது. முதலறை, வளர்ந்த பசுவினிடத்து 100 லிட்டருக்கு மேற்கொள்ளும் பெருந்தாழி போல்வது. அதன்கண் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கச்செய்து பிரிப்பன. அப்புளிப்பிற் பிறக்கும் அமிலங்களே ஆவின் ஆற்றலுக்கு முதல். ஒருமுறை மென்றது போதாதென்று இரையை மீளவும் வாய்க்குக் கொணர்ந்து நாடோறும் நெடும்பொழுது அசைபோடும். பின்னர் அந்நுண்ணுயிர்கள் தாமும் நான்காம் அறைக்கும் சிறுகுடற்கும் சென்று செரிக்கப்பட்டு அதற்குப் புரதமாகின்றன. கிரூபி, தெலாபோன் என்னும் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் இருவர் 1843ஆம் ஆண்டிலேயே அவ்வறையில் நுண்விலங்குகள் உறைதலைக் கண்டு வெளியிட்டனர். ஆகவே புல்லொன்றே ஆவின் உணவென்பதும், உள்ளே நோக்குவார்க்கு முற்றும் பொருந்தாது.

நமக்கு இரைப்பை ஓரறையே. சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி. ஆவிற்கோ 130 அடி. சோற்றின் மாச்சத்தை நம் வாயூறல் மெல்லும்பொழுதே பிரிக்கத் தொடங்கும். ஆவின் வாயூறற்கு அத்தொழில் இல்லை. ஆவிற்கு மேல்வாயில் முன்பல் இல்லை என்பதைக் கன்று மேய்க்குஞ் சிறுவனும் அறிவான். படம் வரைந்தார் அறிந்திலர் போலும்! மேலும், நாம் உண்பன பலவற்றை நெருப்பிலிட்டு முன்னரே பாதி செரிப்பித்து உண்கின்றோம். நமக்கு அடுப்பே முதலறை.

இவ்வேற்றுமையை மறத்தலால் ஆவிற்கே கேடு விளைதலும் உண்டு. மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் பொங்கலை அளவின்றி ஊட்டுவார் உளர். மிகுந்த சோறு முதலறையில் விரைந்து புளித்து அமிலம் பெருகுதலால், பசு தீனி மறுத்துத் தளர்ந்து சிலபொழுது இறந்தும் படும். தன் வயிறுபோலப் பசுவின் வயிற்றையும் எண்ணினமையே இதற்குக் காரணம்.

அற்றேல், மாந்தர் குடல் புலியின் குடலை ஒக்குமோ எனின், அதுவுமன்று. ஊன், காய், கிழங்கு, கூலம் என்னும் அனைத்தையும் செரிப்பிக்க வல்லது நம் குடல். ஆதலின் இயலாமை காட்டிப் புலால் மறுத்தல் ஏதுப்போலியாம். ஆடு ஊனுண்ணாமையை நோன்பென்று யாரும் போற்றுதல் இல்லை. உண்ண இயன்றும் உயிர்க்கிரங்கி உண்ணாமையே நோன்பு.

உடம்பின் அமைப்பே அறத்திற்கு அளவையென்பார் உலகாயதர். சிவஞான சித்தியார் பரபக்கம் முதற்கண் மறுப்பது அவர் மதத்தையே. உடம்பு மாயையின் காரியமாகிய கருவி. அதனை ஏவும் உயிர்க்கே ஒழுக்கம் உரியது. சைவர் மேடையேறி உலகாயத ஏதுவால் சைவ ஒழுக்கத்தை நாட்டுதல் விந்தையே. திருவள்ளுவ நாயனார் புலால் மறுத்தலென்னும் அதிகாரத்துப் பல்லையும் குடலையும் ஏதுவாகக் கூறிற்றிலர், அருளையே கூறினர். 1867ஆம் ஆண்டு வடலூரில் தருமச்சாலை நிறுவிய இராமலிங்க அடிகளும் (அவர் பாடல்பற்றி அந்நாளில் எழுந்த வழக்கு ஒருபுறம் நிற்க) சீவகாருணியமென்றே அதனை வற்புறுத்தினர்.

உயிர்நூல் பயிலும் இளைஞன் ஒருவன் அத்துண்டு வெளியீட்டைத் தன் பாடநூலோடு வைத்து ஒப்பிட ஒரு நாழிகை போதும். படம் பொய்யெனக் கண்டபின், அப்படத்தின்மேல் ஏற்றிவைத்த ஒழுக்கத்தையும் பொய்யென்றே அவன் தள்ளுவன். அப்பிழை அவனுடையதன்று. ஆதலின் அன்பர் அதனை மீண்டும் அச்சிடுங்கால் படமுள்ள பக்கத்தை நீக்கி, அவ்விடத்துப் புலால் மறுத்தற் குறள் பத்தினையும் பரிமேலழகர் உரையோடு சேர்ப்பாராக.