இருவர் பேச ஓர் இடம்

பங்குனி பிறந்துவிட்டால் ஊவா மலைகளின் முகமே மாறிவிடுகிறது. மார்கழி, தை மழை ஓய்ந்து வானம் தெளிகிறது. தேயிலை மலைகளுக்கிடையே முள்முருங்கை சிவக்கச் சிவக்கப் பூக்கிறது. சித்திரைப் புத்தாண்டும், உயிர்த்த ஞாயிறும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் அடுத்தடுத்து வருகின்றன. புத்தகங்களில் வசந்த காலம் என்று எழுதுகிறார்களே, அது எமக்கு இதுதான். இந்த நாட்களில் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் திரளான மக்கள் எல்ல, அப்புத்தளை, பதுளைப் பக்கம் வந்து எமது மலைகளைப் பார்த்துப் போகிறார்கள். ஆனால் இதே மலைகளில் பிறந்து, இங்கேயே கல்யாணம் முடித்த ஓர் இளம் தம்பதியிடம், "நீங்கள் இருவரும் சேர்ந்து எங்கே போய்வந்தீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் வரும். "எங்களுக்கு ஏது அதெல்லாம்?" என்பதே அந்தச் சிரிப்பின் பொருள்.

குடும்ப வாழ்வைப் பற்றி எழுத வந்த இடத்தில் உலாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று வாசகர்கள் நினைக்கலாம். வீடு இழந்தவர்களும் காணி இழந்தவர்களும் எம் வாசகர்களில் பலர். சாப்பாட்டுக்கே வழி தேடும்போது ஊர் சுற்றவா சொல்கிறீர்கள் என்று கோபிக்கவும் செய்யலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் லயத்துக் காம்பராவிலோ, நலன்புரி முகாமிலோ குடும்பம் நடத்தும் இளம் தம்பதிக்கு, ஒரு நாள் வெளியே போய்வருவது ஆடம்பரம் அல்ல என்பதே எமது கருத்து. அவர்களுக்கு இல்லாத ஓர் அறையை அந்த ஒரு நாள் கொடுக்கிறது.

லயத்துக் காம்பராவை அறியாதவர் எம்மில் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் தாய் தகப்பன், படிக்கும் தம்பி தங்கைகள், அவர்களோடு புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள். நடுவே ஒரு பழைய சேலைதான் சுவர். அந்தப் பக்கம் மாமியார் இருமினால் இந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். 2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் வந்தது, சிலருக்கு வீடும் கிடைத்தது. ஆனால் லயத்திலேயே பிறந்து லயத்திலேயே பிள்ளை பெறுகிறவர்கள் இன்னும் ஏராளம்.

முகாமில் இதைவிட மோசம். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள், 2009 வரை எத்தனை முறை சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடின! 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் மாதக்கணக்கில் தற்காலிக இடங்களில் ஒண்டியிருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல இடங்களில் மலையைச் சரித்தது. பாடசாலை மண்டபத்தில் ஐம்பது குடும்பங்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுக்கும் இளம் கணவனும் மனைவியும் தங்களுக்குள் என்ன பேச முடியும்? அரிசி வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பதற்கு மேல் பேச்சுப் போகாது.

ஆனால் பேசித் தீர்க்க வேண்டிய காரியங்களோ குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றுகிறவை. அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதா? அவள் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போவதா? நுண்கடன் வாங்குவதா, வாங்கியதை எப்படிக் கட்டுவது? அடுத்த பிள்ளை இப்போதா, கொஞ்சம் பொறுத்தா? சரிந்த மலைக்குக் கீழே உள்ள பழைய தோட்டத்துக்கே திரும்பி மரக்கறி போடுவதா, புதிய இடம் தேடுவதா? இவை எல்லாம் பெரும்பாலும் எப்படி முடிவாகின்றன? தரகர் வந்து நிற்கும்போது அவசரத்தில் முடிவாகின்றன. சாராயம் உள்ளே போன இரவில் சண்டையில் முடிவாகின்றன. அல்லது பெரியவர்கள் முடிவு செய்துவிட்டு இவர்களுக்குச் சொல்கிறார்கள். கணவனும் மனைவியும் அமைதியாக இருந்து பேசி எடுக்கும் முடிவு மிகக் குறைவு. பல குடும்பங்கள் பிரிவதற்கு அன்பில்லாமை காரணம் அல்ல. பேச இடமில்லாமையே காரணம்.

எமது விசுவாசம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக மணமுடித்தவனைப் போருக்கு அனுப்பக் கூடாது, எந்தப் பொது வேலையையும் அவன்மேல் சுமத்தக் கூடாது, ஓராண்டு வீட்டில் இருந்து அவன் மனைவியை மகிழ்விக்கட்டும் என்பது அதன் கருத்து. நாட்டைக் காக்கும் வேலையைவிட ஓர் இளம் மனைவியின் மகிழ்ச்சியைச் சட்டமே முன்னுக்கு வைத்திருக்கிறது! அதே நூலின் 5ஆம் அதிகாரம் ஏழாம் நாள் ஓய்வைக் கட்டளையாகத் தருகிறது. வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, வேலைக்காரருக்கும் அந்த ஓய்வு உண்டு. நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் அல்லவா என்று காரணமும் சொல்கிறது. கங்காணியின் குரலுக்குப் பிரட்டுக் களத்தில் நின்ற சமூகத்துக்கு இந்த வசனத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், வார ஓய்வும் ஆண்டு விடுமுறையும் தொழிலாளரின் உரிமைகளுள் வைத்துச் சொல்லப்பட்டுள்ளன.

எம்மோடு வாழும் இந்து சகோதரர்களுக்கும் இது புதிதல்ல. மலையக மக்கள் குடும்பமாகப் பயணம் போனது எப்போது? கதிர்காமத்துக்குப் போனபோதும் மடுவுக்குப் போனபோதும்தான். கும்பிடப் போகிறோம் என்று சொன்னால் பெரியவர்களும் தடுக்க மாட்டார்கள், துரையும் லீவு கொடுப்பார். கட்டுச்சோறும், ஆற்றங்கரையும், பஸ்ஸில் பாட்டும் அந்த யாத்திரையின் பகுதிகளாகவே இருந்தன. கடவுளைத் தேடிப் போன வழியில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். ஆகவே உலாவையும் பக்தியையும் எதிரெதிராக நிறுத்துவது எமது முன்னோர் வழக்கம் அல்ல.

இனிக் காசைப் பற்றிப் பேசுவோம். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் 60 ரூபாய் வரவுக்கான கொடுப்பனவு. ஒழுங்காக வேலைக்கு வராவிட்டால் அதுவும் போய்விடும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் இருவர் ஒரு நாள் நின்றால் 2,700 ரூபாய் நட்டம். ஓய்வெடுப்பவர் தண்டம் கட்ட வேண்டிய நிலை இது. ஞாயிறு என்றாலோ கைக்காசுக் கொழுந்தும், துணி துவைப்பதும், மரக்கறிப் பாத்தியும் காத்திருக்கின்றன. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். ஓர் அரைப் போத்தல் சாராயத்தின் விலையில், பதுளையிலிருந்து எல்ல வரைக்கும் மூன்றாம் வகுப்பில் இருவர் கோச்சியில் போய்வந்து மிச்சமும் பிடிக்கலாம். ஆண்டுக்கு ஒரு நாளுக்காக மாதம் ஒரு சிறு தொகையைச் சீட்டுப் போல் ஒதுக்குவது நடக்காத காரியம் அல்ல.

எங்கே போவது? தூரம் போக வேண்டியதில்லை. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையில், தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, ஏறத்தாழ 80 அடி உயரத்தில் எழுப்பிய பாலம் அது. உலகமே வந்து படம் எடுக்கிறது. பதுளை நகருக்கு அருகே துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 64 மீற்றர் விழுகிறது. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தில் லிப்டன் இருக்கை இருக்கிறது. தேயிலை முதலாளி தோமஸ் லிப்டன் தன் தோட்டங்களைப் பார்வையிட அமர்ந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். முதலாளி அமர்ந்து பார்க்க ஓர் இடம் இருந்தது. அந்த மலையைக் கொத்தி, நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஒரு மணி நேரம் சேர்ந்து அமர்ந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

மலை சரிந்து உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இதைச் சொல்ல எமக்கும் தயக்கம் உண்டு. அவர்களுக்கு மலையைப் பார்த்தாலே நெஞ்சு பதறும். அவர்களை எவரும் வற்புறுத்தக் கூடாது. முதலில் கோவில் முற்றமோ, நகரத்துப் பூங்காவோ, ஒரு குளக்கரையோ போதும். பிழைக்க வேண்டிய மண்ணோடு மீண்டும் நட்பாவதற்குக் காலம் வேண்டும். தனியாக அல்லாமல் துணையோடு நடந்தால் அந்தக் காலம் கொஞ்சம் குறையலாம்.

போகிறவர்கள் சில காரியங்களை மனதில் வைக்க வேண்டும். 2025 புயலில் மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் சேதப்பட்டது. ஆகவே வண்டி ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் புறப்படாதீர்கள். துன்ஹிந்தவில் தண்ணீரில் இறங்காதீர்கள். பங்குனி, சித்திரையில் காலை வெயில் நன்றாக இருந்தாலும் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். 1845இல் பதுளையின் அரச அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் அப்புத்தளையில் மின்னல் தாக்கியே இறந்தார். பதுளை பரிசுத்த மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. ஆகவே விடியலில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டு, மூன்று மணிக்குமுன் திரும்பிவிடுவது நல்லது.

இளம் தம்பதிகளே, அன்றைக்குக் கைப்பேசியைப் பையில் வையுங்கள். போத்தலை வீட்டிலும் கொண்டுபோகாதீர்கள், வெளியிலும் தேடாதீர்கள். தம்பி, மனைவி பத்தடி பின்னால் பிள்ளையையும் பையையும் சுமந்துவர நீர் முன்னால் வீசிநடந்தால் அது உலா அல்ல. பிள்ளையை நீர் தூக்கும். தங்கச்சி, மனதில் அடக்கிவைத்த பயத்தை அன்றைக்காவது சொல்லிவிடு. இருவரும் முதலில் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். பின்பு கடனைப் பற்றியும் பேசுங்கள். கடனைப் பற்றிப் பேசுவதால் அந்த நாள் கெட்டுப்போகாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கல்யாணம் முடித்த பிறகும் என்ன சோடி போட்டுக்கொண்டு?" என்ற கேலியை விட்டுவிடுவோம். ஒரு நாள் பேரப்பிள்ளையை நாம் பார்த்துக்கொண்டால் இவர்கள் இருவரும் போய்வருவார்கள். பங்குச் சபைகளும், கோவில் பரிபாலன சபைகளும், மாதர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பஸ்ஸைப் பேசிப் புதிதாக மணமுடித்தவர்களை, எந்த மதத்தவராயினும், அழைத்துப் போகலாம். திருமண ஆயத்த வகுப்பில் சொல்லும் அறிவுரைகளைவிட அது பயன் தரலாம். சம்பளத்தைப் பற்றிப் பேசும் தொழிற்சங்கங்கள், சம்பளத்தோடு கூடிய ஓய்வைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும். வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள், இளம் தம்பதிக்குக் கதவு வைத்த ஓர் அறை வேண்டும் என்பதைப் படத்திலேயே கீற வேண்டும்.

எல்லாருக்கும் அந்த அறை கிடைக்கும் நாள் வரட்டும். அதுவரை மலையும், கோச்சியும், கோவில் முற்றமும் அந்த அறையாக இருக்கட்டும். இந்தச் சித்திரைக்குள் ஒரு நாளைக் குறித்துவையுங்கள்.