பெயரெழுதிய போர்வை

நெடுநாள் சிகிச்சை பெறுவோரும் அவர்களுக்குத் துணையிருப்போரும் கைத்தையலில் ஈடுபடுவது நன்று என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எதைத் தைப்பது என்பதில்தான் எங்களுக்கென ஒரு கருத்து உண்டு.

ஒட்டுத்துணிப் போர்வைக் கலையில், அமெரிக்காவின் மேற்குத் திசை நோக்கி மாட்டு வண்டிகளில் பெயர்ந்த குடியேறிகளின் சின்னங்கள் இன்றும் பெருவழக்காக உள்ளன. வண்டிச் சக்கரம், கரடியின் பாதம், மரக்குடில் என வடிவங்கள் பல. 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த மோர்மன் சமயத்தார் தேன்கூட்டைத் தம் சின்னமாகக் கொண்டனர். ஓயாத உழைப்பே அதன் பொருள். யூட்டா மாநில முத்திரையிலும் அது உள்ளது.

புதிதாய் ஊர் அமைப்போர்க்கு அச்சின்னம் பொருந்தும். நோயுற்றுக் கிடப்பவருக்குப் பொருந்துமா? சோர்வடையாதே, மனத்திடத்தோடு எழுந்து நட என்னும் அறிவுரையை அவர்கள் நாள்தோறும் வேண்டிய மட்டும் கேட்டுவிடுகின்றனர். மேலே போர்த்தும் துணியும் அதையே சொல்ல வேண்டியதில்லை. (தம் உழைப்பொன்றாலேயே எல்லாம் பெற்றனர் என்னும் குடியேறிகளின் கதையும் முழு உண்மையன்று, அவர்கள் சென்றமர்ந்தது வேறு மக்களின் நிலம்.)

எங்கள் மனம் நாடுவது, 1840களில் பரவிய கையொப்பப் போர்வையை. ஆரிகன் தடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கடக்க நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். பிரிந்தவர் மீண்டும் சந்திப்பது அரிது. புறப்படுவோர்க்காக உற்றாரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அழியாத மையால் பெயரெழுதி, ஒன்றாய் இணைத்துக் கொடுத்தனுப்பியதுண்டு. பெறுபவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, போர்த்திக்கொண்டால் போதும்.

மருத்துவமனைக்கு இதுவே ஏற்றது. வந்து பார்க்க இயலாத பேரப்பிள்ளை, ஒரு துணிச் சதுரத்தில் பெயரெழுதி அனுப்பலாம். காத்திருப்புக் கூடத்தில் இருப்பவர் ஒரே ஒரு சதுரத்தை மடியில் வைத்துத் தைக்கலாம். மருத்துவர் அழைத்ததும் மடித்துப் பையில் இட்டு எழலாம்.

கீமோதெரபியால் தட்டணுக்கள் குறைந்தவர்களும், நீரிழிவால் விரல் மரத்தவர்களும் ஊசியைத் தொட வேண்டாம். நிறம் தேர்வதும் சதுரங்களை வரிசைப்படுத்துவதும் அவர்கள் பொறுப்பாகட்டும். துணியைத் துவைத்து நன்கு காயவைத்த பின்னரே கொண்டுவருக. வார்டுக்குள் எடுத்துச் செல்லுமுன் செவிலியரைக் கேட்டறிக. ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். முழுப் போர்வைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை; நான்கு சதுரங்கள் சேர்ந்தாலே ஒரு சிறு தலையணை உறையின் மேற்புறம் ஆகிவிடும்.